மூன்று வாங்கினால் மூன்று தடவை

"டெலிவரிக்குக் காசு கட்டுறவன் ஏமாளி, மாப்ளே." இது என் அத்தானின் வேதவாக்கு. ஆன்லைனில் எதை வாங்கினாலும், கடைசிப் பக்கத்தில் டெலிவரி சார்ஜ் என்கிற வரியில் பூஜ்யம் விழும்வரை அவர் ஓயமாட்டார். கார்ட்டில் ஒரு ஸ்க்ரூடிரைவர் செட்டைச் சேர்ப்பார், எடுப்பார், அதைவிட விலை குறைந்த ஒரு சார்ஜிங் கேபிளைப் போட்டுப் பார்ப்பார். இலவச டெலிவரிக்கு இன்னும் இவ்வளவுதான் பாக்கி என்று மேலே ஒரு பட்டை ஆசை காட்டும். மறுபடி தேடுவார். கடைசியில் அந்தப் பட்டை பச்சையாக மாறும்போது அவர் முகத்தில் வரும் நிம்மதி இருக்கிறதே, வாங்க வந்த பொருள் வீடு வந்து சேரும்போதுகூட அது வராது. அக்கா வீட்டுக் கூடத்து அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க இப்படி எல்லையைத் தாண்டுவதற்காக வந்து சேர்ந்த சாமான்கள்தான்: உறை பிரிக்காத கேபிள்கள், இரட்டைப் பக்க ஒட்டுப்பட்டை, எந்த ஃபோனையும் தாங்கி நிறுத்தாத ஒரு ஸ்டாண்ட். கேட்டால், "எப்பவாவது ஆகும்ல?" என்பார்.

இந்த விஷயத்தில் அவரிடம் வாதாடி நான் ஜெயித்ததே கிடையாது. டெலிவரிக்குக் கட்டினால் கையில் ஒன்றும் மிஞ்சாது, அதே காசுக்கு ஒரு சாமான் சேர்த்தால் ஒரு சாமானாவது மிஞ்சும் என்பது அவர் கட்சி. மேலோட்டமாகப் பார்த்தால் சரியான கணக்கு. எல்லைக்கு வேண்டிய பாக்கி டெலிவரி கட்டணத்தைவிடக் குறைவாக இருந்து, சேர்க்கிற பொருளும் எப்படியும் வாங்கப்போகிற பொருளாக இருந்தால், அவர் சொல்வதில் குற்றமே இல்லை. பாக்கி கட்டணத்தைவிட அதிகமாக இருக்கும்போதுதான் கணக்கு கவிழ்கிறது. அப்போது கட்டணத்தைக் கட்டிவிட்டுப் போவதுதான் மலிவு. இதைப் பேப்பரில் எழுதிக் காட்டினாலும் அத்தான் மசியமாட்டார். "அது வேற, இது வேற" என்று பேச்சை முடித்துவிடுவார். அந்த இரண்டும் ஏன் வேறு வேறாக அவருக்குத் தெரிகின்றன என்பதுதான் என்னை வெகுநாள் குடைந்துகொண்டிருந்தது. அவருக்கு மட்டுமா, எனக்கும்தான். பொருளின் விலையில் ஒரு தொகை கூடியிருந்தால் கண்டுகொள்ளாமல் போகிறவன், அதே தொகை டெலிவரி என்ற பெயரில் தனி வரியில் வந்தால் பக்கத்தை மூடிவிடுகிறேன். இணையக் கடைகளின் பக்கங்களை ஆராய்கிற பேமார்ட் என்ற நிறுவனம், கார்ட்டில் போட்ட பொருளை ஏன் வாங்காமல் போனீர்கள் என்று மக்களிடம் தொடர்ந்து கேட்டுவருகிறது. முதலிடத்தில் வரும் பதில் டெலிவரி, வரி போன்ற கூடுதல் செலவுகள்தான். அத்தானுக்குத் துணை நிறைய இருக்கிறது.

ஒரு பிராங்க், ஒரு சென்டீம்

நடத்தைப் பொருளாதாரம் பேசும் டான் ஏரியலி சொல்லிப் பரவலான ஒரு கதை இருக்கிறது. அமேசான் ஒரு சமயம், குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம் என்று பல நாடுகளில் அறிவித்தது. எல்லா இடத்திலும் விற்பனை எகிறியது, பிரான்சைத் தவிர. விசாரித்துப் பார்த்தால், பிரெஞ்சுக் கிளையில் மட்டும் இலவசம் என்பதற்குப் பதிலாக ஒரு பிராங்க் என்று வைத்திருக்கிறார்கள். யூரோ புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய காலம் அது. ஒரு பிராங்க் என்பது எவரும் குனிந்து எடுக்கத் தயங்குகிற சில்லறை. பழைய கட்டணத்தோடு ஒப்பிட்டால் மாபெரும் தள்ளுபடி. ஆனாலும் வாங்குகிறவர்கள் அசையவில்லை. அதைப் பூஜ்யமாக்கியதும் அங்கேயும் விற்பனை ஏறியது.

இதே பிரான்சில் பிற்பாடு நடந்த கூத்து எனக்கு இன்னும் பிடிக்கும். சின்னப் புத்தகக் கடைகளைக் காப்பாற்றுவதற்காக, ஆன்லைனில் விற்கும் புத்தகங்களுக்கு இலவச டெலிவரி கூடாது என்று 2014-இல் சட்டம் போட்டார்கள். அமேசான் உடனேயே பணிந்துவிட்டது போல டெலிவரி கட்டணம் வசூலிக்க ஆரம்பித்தது. எவ்வளவு? ஒரு சென்டீம், அதாவது யூரோவில் நூறில் ஒரு பங்கு. சட்டத்தின் எழுத்தும் பிழைத்தது, இலவசமும் ஏறக்குறையப் பிழைத்தது. அரசு சும்மா இருக்குமா? 35 யூரோவுக்குக் குறைந்த புத்தக ஆர்டர்களுக்குக் குறைந்தபட்சம் 3 யூரோ டெலிவரி கட்டணம் வாங்கியே தீர வேண்டும் என்ற விதி 2023 அக்டோபரில் அமலுக்கு வந்தது. ஒரு நாட்டின் சட்டமே அத்தானுக்கு ஒரு எல்லைக்கோட்டைப் போட்டுக் கொடுத்தாயிற்று.

அந்தக் கோடு ஒன்றும் புதிதில்லை. 2002-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமேசான் அமெரிக்காவில் 99 டாலருக்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம் என்றது. அதே ஆண்டுக்குள் அது 49 ஆகி, பிறகு 25 ஆனது. கோட்டை எங்கே போட்டால் நாம் எட்டிக் குதிப்போம் என்று பார்த்துப் பார்த்து நகர்த்தினார்கள். அதற்குச் சற்று முன்னால், கோடே வேண்டாம், எவ்வளவு சின்ன ஆர்டரானாலும் ஒரு மணி நேரத்தில் இலவசமாகக் கொண்டுவந்து தருகிறோம் என்று நியூயார்க்கில் கிளம்பிய காஸ்மோ என்ற நிறுவனம் 2001 ஏப்ரலில் கடையை மூடிவிட்டது. அங்கே டெலிவரிக்குக் கட்டியவர்கள் முதலீட்டாளர்கள். அவர்கள் பணம் தீரும்வரைதான் அந்த இலவசம்.

இந்தக் கதைகளையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் என் குடைச்சல் தீரவில்லை. பூஜ்யம் நம்மை மயக்குகிறது, சரி. இதில் எனக்கு என்ன நஷ்டம், யார் சட்டைப்பையிலிருந்து அந்தக் காசு போகிறது என்பது பிடிபடவில்லை. அது பிடிபட்ட இடம் என் சித்தி பெண்ணின் பேக்கிங் மேசை.

பேக்கிங் மேசை

அவள் கையால் தைத்த நோட்டுகளை ஆன்லைனில் விற்கிறாள். நான் போனபோது மேசையில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு இஞ்ச் டேப், பிளேடு கத்தி, பழுப்பு நிற டேப் உருளை. ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து நான்கு மூலையிலும் மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறினாள். பிறகு பக்கங்களை உள்ளே மடித்து, பெட்டியின் உயரத்தைப் பாதியாக்கி ஒட்டினாள். எதற்கு இந்தப் பாடு, அப்படியே அனுப்பினால் என்ன என்று கேட்டேன். "காத்துக்கும் சேர்த்துல்ல காசு வாங்குறாங்க, அண்ணா" என்றாள்.

நான் அதுவரை கூரியர் கட்டணம் எடையை வைத்து என்றுதான் நினைத்திருந்தேன். எடை மட்டுமில்லை, பெட்டி அடைக்கும் இடமும் கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5,000-ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை. பல பெரிய கூரியர்கள் வைத்திருக்கும் கணக்கு இது. நிஜ எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். அவள் வெட்டிய பெட்டி 30-க்கு 25-க்கு 20. பெருக்கினால் 15,000, வகுத்தால் 3 கிலோ. உயரத்தை 10 ஆக்கியதும் அதே சரக்கு ஒன்றரைக் கிலோவாகிவிட்டது. இடையில் கொஞ்ச காலம் காகித விளக்குக் கூண்டுகளும் விற்றுப் பார்த்தாளாம். கையில் எடுத்தால் எடையே தெரியாத சாமான். பெட்டியில் வைத்தால் 40-க்கு 30-க்கு 30, அதாவது 7.2 கிலோ. விட்டுவிட்டாள். அமெரிக்காவின் யூபிஎஸ், ஃபெடெக்ஸ் இரண்டும் 2015-ஐ ஒட்டித் தரைவழிப் பார்சல்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கன அளவுக் கணக்கைக் கொண்டுவந்தன. முன்பு பெரிய பெட்டிகளுக்கு மட்டும் இருந்தது. தலையணை, விளக்குக் கூண்டு, நுரை மெத்தை மாதிரி காற்றடைத்த சாமான்களுக்கு டெலிவரி ஏன் அநியாயமாக இருக்கிறது என்று யோசித்தவர்களுக்கு விடை இதுதான். சுருட்டி, காற்றை உறிஞ்சி அனுப்புகிற கடையில் வாங்கினால் அதில் ஒரு பகுதி மிஞ்சும்.

நான் சொல்ல வந்தது இதுவல்ல. பேச்சுவாக்கில், "உன் கடையில டெலிவரி இலவசம்தானே, உனக்குக் கட்டுப்படியாகுதா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். ஆரம்பத்தில் நோட்டுக்கு ஒரு விலை, டெலிவரிக்குத் தனியாக ஒரு தொகை என்று வைத்திருந்தாளாம். வருகிற மெசேஜ் எல்லாம் "டெலிவரி ஃப்ரீயா?" என்பதுதான். இல்லை என்றால் அடுத்த மெசேஜ் வராது. கடைசியில் டெலிவரித் தொகையை அப்படியே நோட்டின் விலையோடு சேர்த்து, கீழே இலவச டெலிவரி என்று போட்டாள். ஆர்டர் கூடிவிட்டது. மொத்தத் தொகை அதேதான். ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அப்போ மூணு நோட்டு வாங்கினா?" என்றேன்.

"அப்ப மூணு தடவை டெலிவரி கட்டுறாங்க. பாவம், யாரும் கேக்குறதில்லை. கேட்டா குறைச்சுத்தான் கொடுப்பேன்."

அந்த மேசையடியில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. நோட்டின் விலை பத்து, டெலிவரி நான்கு என்று வையுங்கள், எந்த நாட்டு நாணயமாக இருந்தாலும் சரி. தனித்தனியாகப் போட்டிருந்தால் மூன்று நோட்டு வாங்குகிறவர் முப்பதோடு நான்கு கட்டுவார். எடை கூடுவதற்காக இன்னும் ஒன்று சேர்த்து முப்பத்தைந்து என்றே வைத்துக்கொள்ளலாம். கூரியர்காரர்கள் முதல் அரைக் கிலோவுக்கு ஒரு ரேட்டும், அதற்கு மேல் வரும் ஒவ்வொரு அரைக் கிலோவுக்கும் அதைவிடக் குறைவாகவும்தான் வாங்குவார்கள் என்று அவளே சொன்னாள். இலவச டெலிவரி போட்ட கடையில் அதே மூன்று நோட்டுக்கு நாற்பத்திரண்டு. ஒரே பெட்டி, ஒரே கூரியர், ஒரே வாசல். ஒற்றை நோட்டு வாங்குகிறவருக்கு இரண்டு கடையும் ஒன்றுதான். மொத்தமாக வாங்குகிறவர்தான் இலவசத்துக்கு விலை கொடுக்கிறார். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது நமக்குத் தலைமுறை தலைமுறையாக ஊறிப்போன நம்பிக்கை. இலவச டெலிவரி அதைச் சத்தமில்லாமல் புரட்டிப் போட்டுவிட்டது.

இதிலிருந்து எனக்கு ஒரு நடைமுறை கிடைத்தது. ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் இலவச டெலிவரிக் கடை. அதிலும் சின்னதாக, விலை குறைவாக இருக்கும் பொருளுக்கு அதுதான் லாபம். நாலைந்து வேண்டுமென்றால் டெலிவரிக்குத் தனியாகக் காசு வாங்குகிற கடையைத் தேடிப் போகிறேன். தனி வரியில் டெலிவரி போட்டிருக்கும் கடையைப் பார்த்தாலே ஓடிக்கொண்டிருந்தவன், இப்போது அங்கேதான் முதலில் நுழைகிறேன். சின்ன விற்பனையாளராக இருந்தால் வாங்குவதற்கு முன் ஒரு வரி எழுதிக் கேட்கிறேன்: மூன்று எடுத்தால் ஒரே பெட்டியில் அனுப்பிக் குறைத்துத் தருவீர்களா? பலர் தருகிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்களுக்கும் மூன்று பெட்டி கட்டுவதைவிட ஒரு பெட்டி கட்டுவது சுலபம்.

பெரிய சந்தைத் தளங்களில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. அங்கே வேறு ஒன்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஒரே கார்ட்டில் கிடந்தாலும் மூன்று பொருளும் மூன்று விற்பனையாளர்களுடையதாக இருக்கலாம். இலவச எல்லை சில தளங்களில் விற்பனையாளருக்கு ஒன்றாகத் தனித்தனியே கணக்காகும். ஒருவர் கடையில் எல்லையைத் தொடாமல், இன்னொருவர் கடையிலும் தொடாமல், மொத்தம் மட்டும் பெரிதாகி நிற்கும். பொருளுக்குக் கீழே விற்பவர் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். அதைத் தட்டினால் அவர் விற்கும் மற்ற சாமான்கள் தெரியும். வேண்டியவற்றை ஒருவரிடமே எடுத்தால் பாதிக் கட்டணம் அங்கேயே அடிபட்டுப்போகும். கூப்பன் போடுவதற்கு முந்தைய தொகைக்கு எல்லையா, பிந்தைய தொகைக்கா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது. கூப்பனால் மிச்சமானதை டெலிவரியில் பிடுங்கிக்கொள்கிற பக்கங்களும் இருக்கின்றன.

செங்கல்லைத் தபாலில் அனுப்பியவர்கள்

டெலிவரிக் காசை மிச்சம் பிடிப்பதில் நாம் எல்லோரும் கத்துக்குட்டிகள். அமெரிக்காவில் 1913 ஜனவரி முதல் தேதி அரசுத் தபால் துறை பார்சல் சேவையைத் தொடங்கியது. அதற்கு முன் பெரிய பார்சல் என்றால் தனியார் எக்ஸ்பிரஸ் கம்பெனிகள் வைத்ததுதான் விலை. மூன்று வருஷம் கழித்து, 1916-இல், யூட்டா மாநிலத்தின் வெர்னல் என்ற சிற்றூரில் ஒரு வங்கிக் கட்டடம் எழும்பியது. அதற்கான செங்கல் சால்ட் லேக் சிட்டியிலிருந்து வர வேண்டும். சரக்கு வண்டி வாடகையைக் கேட்டுவிட்டு, அதைவிடத் தபால் மலிவு என்று கண்டுகொண்டார்கள். பார்சல் ஒன்றுக்கு 50 பவுண்டு எடை வரம்பு என்பதால் செங்கல்லை 50 பவுண்டு பொட்டலங்களாகக் கட்டித் தபால் நிலையத்தில் குவித்தார்கள். டன் டன்னாக. இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரத்தை வைத்துப் போட்ட மண்டலக் கணக்கில் தபால் கட்டணம் குறைவாக இருந்தது. செங்கல்லோ ரயிலில் எங்கெங்கோ சுற்றி, பிறகு மலைப்பாதையில் வண்டியேறி வந்து சேர்ந்தது. வித்தியாசத்தை விழுங்கியது தபால் துறை. ஒருவர் ஒரு நாளில் 200 பவுண்டுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று விதியை மாற்றிய பிறகுதான் தபால் துறையினர் மூச்சு விட்டார்கள்.

அத்தானுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது எழுந்து நின்று கைதட்டாத குறை. எனக்கு அதில் உறைத்தது வேறு. கட்டணம் என்று நம்மிடம் கேட்கப்படுவதும், கொண்டுவந்து சேர்க்க நிஜமாக ஆகும் செலவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நெடுங்காலமாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. நிஜச் செலவு எங்கே விழுகிறது என்று தெரிந்தால், அதைக் குறைக்கிற வாய்ப்பை எந்தக் கடை நமக்குத் திருப்பித் தருகிறது என்று தேடலாம்.

அந்தச் செலவு தூரத்தில் விழுவதில்லை என்பதை 1837-லேயே ரோலண்ட் ஹில் என்ற ஆங்கிலேயர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்ல ஆகும் செலவு ஒரு பென்னியில் 36-இல் ஒரு பங்குதான் என்றார். கடிதத்தை வாங்குவது, கட்டணத்தைக் கணக்கிடுவது, வீடு வீடாகப் போய்க் காசை வசூலிப்பது இதிலெல்லாம்தான் பணம் கரைகிறது என்பது அவர் கண்டது. தூரம் எதுவானாலும் ஒரு பென்னி என்ற தபால் முறை 1840-இல் வந்தது அந்தக் கணக்கால்தான். இன்றைய பார்சலும் பெரும்பாலும் அப்படித்தான். நூற்றுக்கணக்கான கிலோமீட்டரை ஒரு லாரியில் ஆயிரம் பெட்டிகளோடு மலிவாகக் கடந்துவிடும். கடைசி மூன்று கிலோமீட்டரில் ஒருவர் வண்டியை நிறுத்தி, மாடியேறி, கதவைத் தட்டி, ஆளில்லை என்று திரும்பி, மறுநாள் மறுபடி வருகிறார். அங்கேதான் செலவு எகிறுகிறது.

ஆகவே நிறுத்தத்தைக் குறைக்கிற எதுவும் மலிவு. வேண்டியது பொது இடத்துப் பார்சல் பெட்டகத்திலோ பக்கத்துக் கடையிலோ வந்து இறங்கட்டும், நானே போய் எடுத்துக்கொள்கிறேன் என்றால் பல இடங்களில் கட்டணம் குறையும், சில இடங்களில் பூஜ்யமே ஆகும். ஜெர்மன் தபால் துறை 2001-லேயே பாக்ஸ்டேஷன் என்ற பெயரில் பார்சல் பெட்டகங்களைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கியது. போலந்தின் இன்போஸ்ட் இதையே தன் பிழைப்பாக்கிக்கொண்டது. ஒரே நிறுத்தத்தில் ஐம்பது பெட்டியை இறக்கிவிட்டுப் போகலாம், ஆளில்லாத வீடு என்ற பேச்சே இல்லை. நடக்க அலுப்பில்லாத தூரத்தில் ஒரு பெட்டகம் இருந்தால் இதைவிட நிச்சயமான மிச்சம் வேறு கிடையாது என்று அடித்துச் சொல்வேன். அதற்காக வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றிப் போனால் பெட்ரோலில் போய்விடும்.

அதே காரணத்தால்தான் மெதுவான டெலிவரியும் மலிவு. நாலு நாள் அவகாசம் கொடுத்தால் நம் தெருவுக்கு வருகிற மற்ற பெட்டிகளோடு சேர்த்து அனுப்புவார்கள். நாளைக்கே வேண்டும் என்றால் பாதி நிரம்பிய வண்டியும் கிளம்பித்தான் ஆக வேண்டும். எனக்கு வந்த பெட்டிகளை யோசித்துப் பார்த்தால், நாளைக்கே தேவைப்பட்டது என்று ஒன்றையும் சொல்ல முடியவில்லை, மருந்தைத் தவிர. சில தளங்கள் மெதுவான டெலிவரியைத் தேர்ந்தெடுத்தால் சின்னக் கழிவும் தருகின்றன. ஆனால் அந்தத் தெரிவைத் தேடித்தான் எடுக்க வேண்டும். பக்கம் திறக்கும்போது டிக் அடித்து வைத்திருப்பது பெரும்பாலும் வேகமானதுதான்.

எங்கள் மாடி வீடுகளில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பொதுப் பட்டியல் வைத்திருக்கிறோம். சோப்பு, பேட்டரி, ஃபில்டர், பிரிண்டர் மை என்று கெட்டுப்போகாத, எப்படியும் தீர்ந்துபோகிற சாமான்கள் அதில் ஏறும். ஒருவர் ஆர்டர் போடும்போது மற்றவர்கள் தங்கள் பட்டியலையும் ஏற்றிவிடுவார்கள். எல்லைக்கோட்டைத் தாண்ட அலமாரிச் சாமான் எதுவும் தேவைப்படுவதில்லை. யார் யாருக்கு எவ்வளவு என்பதில் அவ்வப்போது மனஸ்தாபம் வரும். எதிர்வீட்டு அம்மா தன் பங்கை எப்போதும் சில்லறை இல்லை என்று தள்ளிப்போடுவார். அதையும் டெலிவரி கட்டணத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வருஷச் சந்தாவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. அமேசான் 2005 பிப்ரவரியில் வருஷத்துக்கு 79 டாலர் என்று பிரைம் என்ற இலவச டெலிவரிச் சந்தாவைத் தொடங்கியதிலிருந்து எல்லோரும் அதே பாதையில் வந்துவிட்டார்கள். சந்தாத் தொகையை வருஷத்து ஆர்டர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்து, அடேயப்பா எவ்வளவு மலிவு என்று மகிழ்கிறோம். சந்தா இல்லாதிருந்தால் எத்தனை ஆர்டர் போட்டிருப்போம் என்ற எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். டெலிவரிக்குக் காசில்லை என்றானதும் ஒரு பென்சிலுக்குத் தனி ஆர்டர் போடுகிறவர்கள் நாம். அந்த ஆர்டர்களையும் வகுத்தியில் சேர்த்தால் எந்தச் சந்தாவும் லாபமாகத்தான் தெரியும்.

எல்லை தாண்டி வரும் பெட்டி

வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது இந்தக் கணக்கு இன்னும் விசித்திரமாகிறது. கடல் கடந்து வந்த ஒரு பொட்டலத்துக்கு, அடுத்த தெருவிலிருந்து வரும் பார்சலைவிடக் குறைந்த கட்டணம் இருப்பதைப் பார்த்துத் திகைத்தவர்கள் நிறையப் பேர். 1874-இல் பெர்ன் நகரில் பிறந்த உலகத் தபால் ஒன்றியத்தில், அனுப்பும் நாடு வாங்கும் தபால்தலைக் காசு அதற்கே, சேரும் நாடு இலவசமாகப் பட்டுவாடா செய்துவிடும் என்பதுதான் முதல் ஏற்பாடு. போகிற கடிதமும் வருகிற கடிதமும் ஏறக்குறையச் சமம் என்ற நம்பிக்கையில் போட்ட ஒப்பந்தம். அந்த நம்பிக்கை பொய்த்தபின், சேரும் நாட்டுக்கு ஈடாக ஒரு கட்டணம் 1969-இல் வந்தது. அதிலும் வளரும் நாடுகளுக்குச் சலுகை. சீனாவிலிருந்து சின்னப் பொட்டலங்கள் வெள்ளமாக வரத் தொடங்கியதும் அமெரிக்கா ஒன்றியத்தை விட்டே வெளியேறுவேன் என்று மிரட்டி, 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் கூடிய கூட்டத்தில்தான் தன் கட்டணத்தைத் தானே நிர்ணயித்துக்கொள்ளும் உரிமையை வாங்கியது. ஆக, அந்த மலிவுக்கும் யாரோ கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்: சேரும் நாட்டின் தபால் துறை.

வரிச் சலுகையும் அதே போல் கரைந்துகொண்டிருக்கிறது. 22 யூரோவரை மதிப்புக் கூட்டு வரி இல்லை என்றிருந்ததை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் எடுத்துவிட்டது. 800 டாலர்வரை சுங்கம் இல்லை என்றிருந்ததை அமெரிக்கா 2025 ஆகஸ்டில் நிறுத்தியது. ஆகவே வெளிநாட்டுப் பெட்டிக்கு டெலிவரி இலவசம் என்று பார்த்ததும் முடிவெடுக்கக் கூடாது. சுங்கத்தைக் கட்டி முடித்து அனுப்புகிறார்களா, வாசலில் வசூலிப்பார்களா என்று பார்க்க வேண்டும். வாசலில் என்றால், வரியோடு கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் சேர்ந்து வரும், அதுவும் பெட்டிக்கு இவ்வளவு என்று. இங்கேயும் ஒரே பெட்டியாக வரவழைப்பதுதான் பலன் தரும், வரியில்லா வரம்பு ஏதாவது உங்கள் நாட்டில் இன்னும் மிச்சமிருந்தால் தவிர.

திருப்பி அனுப்புவதும் டெலிவரிதான், திசைதான் வேறு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், முதலில் கட்டிய சாதாரண டெலிவரி கட்டணத்தையும் கடை திருப்பித் தர வேண்டும். அவசர டெலிவரிக்காகக் கூடுதலாகக் கட்டியது போனது போனதுதான். திருப்பி அனுப்பும் செலவு, கடை ஏற்றுக்கொண்டாலொழிய, வாங்கியவர் தலையில். மற்ற இடங்களில் இந்த அளவுகூட உறுதியில்லை. எல்லையைத் தொடுவதற்காக ஒன்றைச் சேர்த்து, வந்ததும் அதைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. பல கடைகளின் விதிகளில், மிச்சமிருக்கும் பொருளின் விலை எல்லைக்குக் கீழே போய்விட்டால் முதல் டெலிவரிக்கான கட்டணத்தை ரீஃபண்டிலிருந்து கழித்துக்கொள்வோம் என்று ஒரு வரி இருக்கும். செருப்பு, சட்டை மாதிரி அளவு சரியாக அமையுமா என்ற சந்தேகமுள்ள சாமான்களுக்கு நான் டெலிவரி கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன்பே ரிட்டன் பக்கத்தைத் திறந்துவிடுகிறேன். அனுப்ப இலவசம், திருப்பக் காசு என்றிருக்கும் கடையைவிட, அனுப்பக் காசு வாங்கிக்கொண்டு திருப்ப இலவசம் தரும் கடை இந்த மாதிரிச் சாமான்களுக்கு மலிவு. மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்கும்போது இந்தப் பார்வையெல்லாம் வேண்டியதில்லை. மாடல் நம்பரைச் சரிபார்த்துவிட்டு, கட்டணத்தைக் கட்டி, வேலையைப் பார்க்கலாம்.